உள்ளே விட்ட துணி

1

ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்கள் முதலில் குளிரைக் கேட்பார்கள். அப்புறம் அரிசி கிடைக்கிறதா என்று கேட்பார்கள். கிடைக்கிறது. குளிரும் இருக்கிறது. அதற்கு மேல் பேச்சு போகாது.

வின்னிபெக் வந்து இந்த மாதத்தோடு ஏழு வருடம். கனடாவின் நடுவில் இருக்கிற ஊர். கடல் இல்லை, மலை இல்லை. திருப்பூர் பக்கத்தில் எங்கள் அருள்புரத்திலிருந்து இங்கே வந்த குடும்பம் எனக்குத் தெரிந்து நாங்கள் ஒன்றுதான். ஏழு வருடத்தில் என்ன கண்டாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். என் ஜீன்ஸ்தான் ஞாபகம் வந்தது. அதையே எழுதுகிறேன்.

வந்த கதை சின்னது. எங்கள் வீட்டுக்காரர் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். நான் அவருக்குக் கைமடி. அதாவது தைக்கிறவர் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுப்பது, தைத்ததை அடுக்கி வைப்பது. அப்படித்தான் கல்யாணமும் ஆனது. இங்கே குளிர் ஜாக்கெட் தைக்கிற ஒரு கம்பெனிக்கு ஆள் வேண்டும் என்று கோயம்புத்தூருக்கு வந்து பரீட்சை வைத்தார்கள். ஒரு ஜாக்கெட்டின் கைத்துணியைக் கொடுத்துத் தைக்கச் சொன்னார்களாம். கடிகாரத்தைப் பார்க்கக் குனிந்தவர் நிமிர்வதற்குள் இவர் முடித்துவிட்டார்.

அந்தக் கம்பெனி கொஞ்ச வருடம் ஓடியது. பிறகு வேலை சீனாவுக்குப் போய்விட்டது. மிஷினை எல்லாம் கட்டி லாரியில் ஏற்றினார்கள். இவர் ஒரு ஓட்டலில் துணி வெளுக்கிற வேலைக்குப் போனார். நான் ரொட்டி ஃபேக்டரிக்குப் போனேன்.

2

ரொட்டி ஃபேக்டரியில் சேலை ஆகாது. ஓடுகிற பெல்ட்டில் மாட்டிக்கொள்ளும். சுடிதாரும் ஆகாது. தொளதொளவென்று எதுவும் கூடாது என்று சட்டம். கனமான பேண்ட், இரும்பு வைத்த பூட்ஸ், தலைக்கு வலை.

பழைய துணி விற்கிற கடையில் ஒரு ஜீன்ஸ் எடுத்தோம். ஆம்பளை ஜீன்ஸ். அதுதான் என் இடுப்புக்கு வந்தது. நான் அப்போது நல்ல உடம்பு. இவர் துணியை விரலில் தேய்த்துப் பார்த்தார். பனியன் துணியைப் பார்க்கிற மாதிரி இழுத்தும் பார்த்தார். அது இழுபடவே இல்லை.

"தார்ப்பாயாட்ட இருக்குது," என்றார்.

கல்யாணம் ஆகி அத்தனை வருடத்தில் நான் அவர் முன்னால் அப்படி நின்றதில்லை. காலை அகட்டி வைத்து நடந்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சிரிக்கறீங்களா?"

"இல்ல ஈசுவரி."

"பின்ன ஏன் அங்க பாக்கறீங்க?"

"பனி பெய்யுதான்னு பாத்தேன்."

பனி பெய்யவில்லை.

துவைத்தால் அந்த ஜீன்ஸைத் தூக்க முடியாது. ஒருநாள் வெயில் அடிக்கிறதே என்று நம்பி பால்கனியில் காயப்போட்டேன். இங்கே வெயிலுக்கும் சூட்டுக்கும் சம்பந்தம் இல்லை. போய்ப் பார்த்தால் பலகையாக உறைந்திருந்தது. நிறுத்தினால் நின்றது. என் மகள் திவ்யா அப்போது சின்னப் பிள்ளை. அதன் மேல் ஒரு தொப்பியை வைத்து, இது இன்னொரு அம்மா என்றாள். அது உருகிச் சாய்கிற வரைக்கும் அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

என் சூப்பர்வைசர் மரியா. பிலிப்பைன்ஸ்காரி. தினமும் காலையில் எப்படி இருக்கிறாய் என்று கேட்பாள். எனக்கு அது வெறும் வணக்கம் என்று தெரியாது. முட்டி வலியைச் சொன்னேன். இரண்டு பக்கமும் எப்படி வலிக்கிறது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் விவரமாகச் சொன்னேன். நின்று கேட்டாள். மறுநாள் முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். எட்டாவது வரைதான் படித்தவள் நான். எனக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் சிநேகிதி அவள்.

ஜீன்ஸ் போகப் போக என் உடம்புக்குப் பழகியது. முட்டி இருக்கிற இடத்தில் முட்டி மாதிரியே வெளுத்தது. கொடியில் தொங்கினால்கூட அது என்னுடையது என்று தெரியும்.

3

பிறகு எனக்கு வயிற்றில் கட்டி வந்தது. எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். அதைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை.

திவ்யாவைப் பற்றி எழுத வேண்டும். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. டாக்டர் பேசுவது எனக்கும் புரியாது, இவருக்கும் பாதிதான் புரியும். ஆஸ்பத்திரியில் மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவரை அனுப்பினார்கள். அவர் இலங்கைக்காரர், அவர் தமிழ் எங்களுக்கு வேறு தமிழாக இருந்தது. நல்லவர்தான். ஆனால் அவர் பேசியதைத் திவ்யா எங்களுக்கு மறுபடி சொல்ல வேண்டி வந்தது. கடைசியில் டாக்டரே திவ்யாவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அவள் வீட்டில் தமிழ் பேசுவது குறைந்துகொண்டே வந்தது. நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீசில் பதில் வரும். சாப்பிட்டதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அப்படிப்பட்ட பிள்ளை, ஆஸ்பத்திரி நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, டாக்டர் சொல்வதைக் கேட்டு, கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, தெரிந்த தமிழைத் தேடித் தேடி எடுத்துச் சொல்வாள். சில நாள் சொல்லி முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொள்வாள். அப்போது விஷயம் பெரியது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

இன்ஷூரன்ஸ் ஆபீசிலிருந்து போன் வரும். ஈசுவரியிடம்தான் பேச வேண்டும் என்பார்கள். திவ்யா தொண்டையை இறக்கிக்கொண்டு, நான்தான் ஈசுவரி என்பாள். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்களாம். ஒரு பெண், கெட்டிக்காரி என்று சொன்னாளாம்.

கடைசி மருந்து முடிந்த அன்று டாக்டர் சொன்னதை அவள் இப்படிச் சொன்னாள்: "கட்டி இப்ப இல்ல. திரும்பி வரலாம், வராமலும் இருக்கலாம். உடம்புல வெயிட் ஏறினா நல்லது. அதுவே இறங்கினா உடனே வரணும். ஒரு வருஷம் பாக்கணும்."

எனக்கு அது போதும். ஏற வேண்டும். அவ்வளவுதான்.

அன்றைக்கு ஜீன்ஸை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். இடுப்பில் நிற்கவில்லை. கையை விட்டதும் கீழே விழுந்தது. மறுபடி தூக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

இவர் உள்ளே பிடித்துத் தைத்துத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். பெல்ட்டில் ஆணியைச் சுட வைத்துப் புது ஓட்டை போட்டுக் கொடுத்தார். அதுவும் போதவில்லை. இன்னொன்று போட்டார். எனக்கு அதைத் தைத்துச் சின்னதாக்க மனசு இல்லை. சின்னதாக்கினால் இதுதான் இனி என் அளவு என்று ஒத்துக்கொண்ட மாதிரி. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. பெல்ட் போட்டுக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

4

வேலைக்குத் திரும்புவதற்கு முன்னால் ஊருக்குப் போய் வரச் சொன்னார் டாக்டர். போனோம்.

என் அண்ணன் அருள்புரத்தில் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் போட்டுச் சின்னதாக ஜாப் ஒர்க் செய்கிறார். பெரிய கம்பெனியில் வெட்டிக் கொடுப்பதைத் தைத்துக் கொடுக்க வேண்டும். அண்ணன் டெலிவரி, வசூல் என்று வண்டியிலேயே இருப்பார். ஷெட்டைப் பார்ப்பது அண்ணன் மனைவி. எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்போம்.

நங்கை என்னைப் பார்த்ததும் அழவில்லை. அதற்கு நான் கடன்பட்டிருக்கிறேன். மேலும் கீழும் பார்த்தார். பெல்ட்டுக்குக் கீழே மடிப்பு மடிப்பாகச் சுருங்கிக் கிடந்த ஜீன்ஸைப் பார்த்தார்.

"ஏனம்மிணி, இது டவுசரா, நெல்லு மூட்டை சாக்கா?"

"ஃபேக்டரிக்குப் போடறதுங்க நங்கையா."

"உள்ள இன்னொரு ஆள் போலாமாட்ட இருக்குது. அவிங்க யாருன்னு சொல்லு, சோறு போடறேன்."

ஷெட்டில் மிஷின்கள் ஒரே சத்தம். எனக்கு அந்தச் சத்தத்தில் நன்றாகத் தூக்கம் வந்தது. பகலில் துணி மூட்டை மேல் படுத்துத் தூங்கினேன். பேச்சியம்மா என்று ஒரு டைலர் அங்கே வேலை செய்தார். திருநெல்வேலிப் பக்கம். நான் விழித்ததும் டீயைக் கையில் கொடுத்துவிட்டு, "எக்கா, மூட்டைய நாளைக்கு டெலிவரி கொடுக்கணும். உங்களையும் சேத்துக் கட்டிரப் போறோம்," என்பார்.

நங்கை வேளைக்கு வேளை ஏதாவது செய்தார். கச்சாயம், சந்தகை, எலும்புச் சாறு. நான் தின்றேன். எதுவும் உடம்பில் ஒட்டவில்லை.

திவ்யா யாரோடும் பேசவில்லை. ஷெட் வாசலில் ஒரு நாற்காலி போட்டு இங்கிலீஸ் புத்தகம் படித்தாள்.

"உன்ற மகளுக்கு வாயில பூட்டா?" என்றார் நங்கை.

"அங்க பேசிப் பேசி ஓய்ஞ்சு போச்சுங்க," என்றேன். அது உண்மைதான்.

5

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது மரியாவிடமிருந்து போன் வந்தது. வந்ததும் வேலையில் சேரலாம், ஆனால் துணி தொளதொளவென்று இருந்தால் லைனில் நிற்க விடமாட்டார்கள், பார்த்துக்கொள் என்றாள்.

ராத்திரி இவரிடம் ஜீன்ஸைக் கொடுத்தேன்.

"பிடிச்சிருங்க. ஆனா துணிய உள்ளயே விட்டுத் தைங்க. மறுக்கா பிரிக்கற மாதிரி."

"செரி."

"வெட்டிப் போடாதீங்க."

"செரி செரி."

மறுநாள் மதியம் ஷெட்டில் உட்கார்ந்தார். முதலில் இடுப்பு. பின்பக்கம் நடுவில் பிரித்து, பட்டையைப் பிரித்து, உள்ளே மடித்து, சாதா தையல் மிஷினில் வைத்தார். பனியன் தைக்கிற ஊசி. தையலும் தையலும் சேருகிற இடத்தில் ஏறியதும் டொக்கென்று உடைந்தது. மாற்றினார். அதுவும் உடைந்தது.

"அண்ணா, என்ற ஊசியெல்லாம் தீத்துப் போட்டுத்தான் பிளேன் ஏறுவீங்களாட்ட இருக்குது," என்றார் நங்கை.

"அண்ணாச்சி, எதுத்தாப்ல செருப்பு தைக்கவர் இருக்காரு. கூட்டியாரவா?" என்றார் பேச்சியம்மா.

இவர் கத்தரியின் கைப்பிடியால் அந்தக் கனத்தை அடித்து அடித்துத் தட்டையாக்கினார். பெரிய ஊசி தேடிப் போட்டார். மெல்ல மெல்லச் சக்கரத்தைக் கையால் சுற்றித் தைத்தார். இடுப்பு முடிந்தது. உள்ளே துணி அப்படியே இருந்தது. எனக்குக் காட்டினார்.

அடுத்தது தொடை. பக்கத் தையலில் இடுப்புக்குக் கீழிருந்து பிடித்துக்கொண்டே வர வேண்டும். அந்த மிஷினில் நூல் விட்டு விட்டு விழுந்தது. இரண்டு தடவை பிரித்தார்.

"கரண்டு போற நேரமாச்சுங்ணா," என்றார் நங்கை. "ஓவர்லாக்குல ஓட்டியுடுங்க. ஆச்சு."

இவர் எழுந்து ஓவர்லாக்கில் போய் உட்கார்ந்தார். ஜாக்கெட் கம்பெனி மூடியதிலிருந்து அவர் அந்த மிஷினில் உட்காரவில்லை. உட்கார்ந்ததும் முதுகு நிமிர்ந்தது. காலால் பெடலைத் தேடவில்லை. அது தானாகப் போய் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. துணியைக் கொடுத்தார். மிஷின் முக்கிக்கொண்டு ஏறியது, பிறகு பிடித்துக்கொண்டது. வலது காலில் சாக்பீஸ் கோட்டின் மேலேயே இடுப்பிலிருந்து பாதம் வரை ஒரே ஓட்டம். ஷெட்டில் மற்றவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பழைய மாதிரி அவர் பக்கத்தில், வலது பக்கம். தடுக்க எனக்கும் தோன்றவில்லை.

ஓவர்லாக் மிஷினில் ஊசிக்குப் பக்கத்தில் ஒரு கத்தி இருக்கும். தைக்கத் தைக்க மிச்சத்தை வெட்டித் தள்ளிக்கொண்டே போகும். பனியனுக்கு அதுதான் சரி. உள்ளே துணி விட்டால் உடம்பில் உறுத்தும். பனியனை யாரும் பிரித்துப் பெரிதாக்குவதில்லை. பத்தாவிட்டால் தம்பிக்குப் போகும், அப்புறம் வண்டி துடைக்கப் போகும். மிச்சம் வைப்பது எங்கள் யார் கைக்கும் பழக்கம் இல்லை. அங்கே நின்ற ஒருத்தருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

கரண்ட் போனது. எல்லா மிஷினும் ஒன்றாக நின்றது. அந்த அமைதியில் நான் கீழே பார்த்தேன். வேஸ்ட் கூடையில், வெள்ளைப் பனியன் பிசிறுக்கு மேல், நீலமாக ஒரு பட்டை கிடந்தது. குனிந்து எடுத்தேன். தொடைப் பக்கம் அகலம், முட்டிக்குக் கீழே ஒல்லி. அது என் உடம்பிலிருந்து போன அளவு.

இவர் என் கையைப் பார்த்தார். பிறகு மிஷினைப் பார்த்தார். 

"துணிதானே அம்மிணி," என்றார் நங்கை. "போனாப் போகுது."

அப்போதுதான் திவ்யா எழுந்து வந்தாள். என் கையிலிருந்து பட்டையை வாங்கினாள்.

"வெட்டாதீங்கன்னு அம்மா சொன்னாங்க. எனக்குக் கேட்டுச்சு. ஏன் வெட்டினீங்க? ஒய், அப்பா?"

அவள் அவ்வளவு சத்தமாகத் தமிழ் பேசி நான் கேட்டதே இல்லை. பேச்சியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். இவர் தலையைத் தொங்கப் போட்டார்.

"கை பாட்டுக்குப் போயிருச்சு கண்ணு."

எனக்கு வேறு ஒன்று மனசில் வந்துவிட்டது. வந்ததை அடக்க முடியவில்லை.

"டாக்டர் உங்ககிட்டத் தனியா ஏதாச்சுஞ் சொன்னாருங்களா?"

"என்ன கேக்கற?"

"இனி ஏறாதுன்னு சொல்லியிருந்தா எங்கிட்டயும் சொல்லிப்போடுங்க. நான் தாங்கிக்குவேன்."

"அட, இல்ல ஈசுவரி. சத்தியமா இல்ல."

"தெரிஞ்சுதான வெட்டினீங்க?"

அவர் கண் கலங்கியது. அவருக்குப் பேச வராது. எப்போதுமே வராது. திவ்யாதான் பேசினாள்.

"அம்மா, அப்பாவுக்கு டாக்டர் பேசறதே புரியாது. எல்லாம் நான்தான் கேட்டேன். நான்தான் சொன்னேன். ஒண்ணுகூட மறைக்கல. திரும்பி வரலாம்னு டாக்டர் சொன்னதையும் சொன்னேன்ல? எனக்கு எவ்வளவு பயம் தெரியுமா? அப்பவும் சொன்னேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கெட்டது சொன்னப்ப நம்பின. நல்லது சொன்னா மட்டும் ஏன் நம்ப மாட்டேங்கற?"

 

நான் அவளை இழுத்து என்னோடு சேர்த்துக்கொண்டேன். அவள் என்னை விட உயரமாக வளர்ந்துவிட்டாள் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பிள்ளை என்னென்ன கேட்டு, என்னென்ன சொல்லியிருக்கிறது. நான் என் உடம்பை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நம்பறேன்," என்றேன்.

"நெஜமா?"

"நெசமா."

பேச்சியம்மாதான் முதலில் நகர்ந்தார். தன் பையிலிருந்து சாக்கு தைக்கிற ஊசியும் கெட்டி நூலும் எடுத்து இவரிடம் நீட்டினார்.

"இன்னொரு கால் கெடக்குல்லா அண்ணாச்சி. கத்தி இல்லாத ஊசி இது. தைங்க."

இவர் ஷெட் வாசலில் வெளிச்சத்தில் உட்கார்ந்தார். மிஷினில் நிமிடத்துக்கு ஒரு பனியன் முடிக்கிற மனுசனுக்குக் கையால் தைக்கத் தெரியாது. குத்திக்கொண்டார். நூல் சிக்கியது. நங்கை விளக்கெண்ணெயை ஊசியில் தடவிக் கொடுத்து, "இந்த வேகத்துல போனா பாப்பா கல்யாணத்துக்கு ரெடியாயிரும்," என்றார். திவ்யா துணியை இழுத்துப் பிடித்துக் கொடுத்தாள். அவளுக்கு அது கைமடி வேலை என்று தெரியாது.

கரண்ட் வந்தது. மிஷின்கள் ஓட ஆரம்பித்தன. அவர் எழவில்லை. இடது காலை முழுக்கக் கையாலேயே தைத்து முடித்தார். உள்ளே துணியை விரித்து இரண்டு பக்கமும் தடவிப் படிய வைத்தார்.

6

வலது கால் மிஷின் தையல், இடது கால் கைத்தையல். அதைப் போட்டுக்கொண்டு வேலையில் சேர்ந்தேன்.

சேருவதற்கு ஒரு சான்று வேண்டும். எவ்வளவு கனம் தூக்கலாம் என்று டாக்டர் எழுத வேண்டும். டாக்டர் ஒன்று எழுதினார், இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேறு ஒன்று கேட்டார்கள், மறுபடி எழுதினார். இந்தத் தடவை போனில் நானே பேசினேன். நான் ஈசுவரி என்றேன். அந்தப் பக்கம் இருந்தவள், உங்களுக்கு ஜலதோஷமா, குரல் மாறியிருக்கிறதே என்றாள். திவ்யா சோபாவில் விழுந்து சிரித்தாள்.

இடது தொடையில் உள்ளே இருந்த துணி நடக்கும்போது உரசியது. முதல் வாரம் தோல் சிவந்தது. இவர் பார்த்துவிட்டு, வெட்டிவிடவா என்று கேட்க வாயெடுத்தார். கேட்காமல் மூடிக்கொண்டார்.

குளிர்காலம் முழுவதும் அது உரசிக்கொண்டே இருந்தது. பனியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும், ரொட்டித் தட்டு தூக்கும்போதும். வீட்டில் எடை மிஷின் வாங்கலாம் என்றாள் திவ்யா. வேண்டாம் என்றேன். தினமும் அதில் ஏறி நிற்க என்னால் ஆகாது.

கிறிஸ்துமஸ் கழிந்து டாக்டர் பார்த்தார். ஏறவில்லை, இறங்கவும் இல்லை, பார்ப்போம் என்றார். திவ்யா அதை அப்படியே சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து மூன்று பேரும் தட்டில் ரசம் சோறு போட்டுக்கொண்டு டிவி பார்த்தோம். அன்றைக்கு அவள் அறைக் கதவைச் சாத்தவில்லை.

இவர் ஓட்டலிலிருந்து வரும்போது எப்போதாவது முந்திரி வாங்கி வருவார். மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். இந்தா, தின்னு என்றெல்லாம் சொல்ல மாட்டார்.

7

போன மாதம் பனி உருக ஆரம்பித்தது. ஃபேக்டரியில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். வயிற்றில் ஏதோ பிடித்தது. மறுபடி கட்டியோ என்று நினைத்தேன். எழுந்து பாத்ரூமுக்குப் போய்ச் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். பட்டன் இருந்த இடத்தில் தோலில் சிவப்பாக வட்டமாக ஒரு அச்சு. வேறு ஒன்றும் இல்லை. பட்டனைக் கழற்றினேன். பிடித்தது விட்டுப்போனது. மறுபடி போட்டேன். பிடித்தது.

துவைத்ததில் சுருங்கியிருக்கும் என்று நினைத்தேன். மறுநாளும் பார்த்தேன். அதற்கு மறுநாளும். யாரிடமும் சொல்லவில்லை. மரியா, என்ன நீ நின்றுகொண்டே சாப்பிடுகிறாய் என்றாள். முட்டி என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க."

"ம்."

"ஜீன்ஸு பத்தலீங்க."

"பத்தலைன்னா?"

"பட்டன் போட்டா உக்கார முடியறதில்ல."

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார்.

"எப்பருந்து?"

"கொஞ்ச நாளா."

"ஏன் சொல்லல?"

"நெசந்தானான்னு பாத்துட்டிருந்தேன்."

அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். நங்கை பார்த்த மாதிரி.

"போட்டுட்டு வா. உக்காரு, பாக்கலாம்."

போட்டுக்கொண்டு வந்தேன். நாற்காலி நுனியில் பாதி உட்கார்ந்தேன். அதற்கு மேல் போக முடியவில்லை. எழுந்துவிட்டேன். அவர் போய்க் குழாயைத் திறந்து கை கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

சத்தம் கேட்டுத் திவ்யா வந்தாள். பட்டனைப் பார்த்தாள். வயிற்றைப் பார்த்தாள்.

"அம்மா! குண்டாயிட்ட!"

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாது," என்றார் இவர், திரும்பாமலே.

"சொல்லட்டும் விடுங்க," என்றேன். "மறுக்கா சொல்லு."

"குண்டு. குண்டு அம்மா."

இவர் கையைத் துடைத்துக்கொண்டு கத்தரி எடுத்து வந்தார். முகமும் கழுவியது போல ஈரமாக இருந்தது.

"கழட்டிக் குடு. இடுப்புலயும் இடது கால்லயும் துணி இருக்குது, பிரிச்சரலாம். வலது காலுக்குத்தான் வேற துணி வெச்சு ஒட்டுப் போடோணும். நிமிசத்துல முடிச்சர்றேன்."

"இப்ப வேண்டாங்க."

"ஏன்? உக்கார முடியலைங்கற?"

"இன்னுங் கொஞ்ச நாளைக்கு இறுக்கமாவே இருக்கட்டும்."